மாப்ள, அந்த 2012 பற்றி

மாப்ள,

நியூட்ரினோ திட்ட வேலையை விட்டுவிட்டேன். இயற்பியலையே விட்டுவிட்டேன் என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்கிறேன், ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரே படித்துச் சொல்கிற மாதிரி மென்பொருள் செய்கிறார்கள். ஏன் விட்டேன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. நேரில் சொல்ல வேண்டிய விஷயம்தான், ஆனால் என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய், அதனால் ஊர் பார்க்க இங்கே எழுதுகிறேன். உன் பெயர், ஊர்ப்பெயர் எதுவும் இதில் வராது, பயப்படாதே.

இன்று ஜூலை 4. 2012-ல் இதே நாள் பகல் பன்னிரண்டரை மணிக்கு ஹாஸ்டலில் கரண்ட் இல்லை. அந்த வருடம் எப்போது இருந்தது? உன் லேப்டாப்பில் உன் டேட்டா கார்டைச் செருகி, பேட்டரி தீர்வதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே கட்டிலில் அத்தனை பேர் உட்கார்ந்து ஜெனீவாவில் இருக்கிற செர்ன் துகள் ஆய்வுக்கூடத்தின் நேரலையைப் பார்த்தோம். அங்கே ஹிக்ஸ் துகளைத் தேடிய குழு ஒன்றின் தலைவர் ஃபேபியோலா ஜியானோட்டி பேசப் பேசப் படம் நின்று நின்று வந்தது. 5 சிக்மா என்றதும் நீ என் தொடையில் ஓங்கி அடித்தாய். ஹிக்ஸ் என்று ஒரு துகள் இல்லாமலே தற்செயலாக வரைபடத்தில் அப்படி ஒரு மேடு தெரிய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். பீட்டர் ஹிக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அந்தத் துகள் இருக்கும் என்று 1964-ல் எழுதியதற்கு 48 வருடம் கழித்து விடை கிடைத்த மனிதர்.

2012 என்றால் எல்லாரும் ஹிக்ஸைத்தான் சொல்வார்கள். நமக்கு அந்த வருடம் மார்ச் 8-ஆம் தேதியே தொடங்கிவிட்டது, இல்லையா? படிக்கிற மற்றவர்களுக்காக மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நியூட்ரினோ என்பது எதையும் ஊடுருவிப் போகிற மிகச் சின்னத் துகள். அதன் மூன்று வகைகள் போகிற வழியிலேயே ஒன்று இன்னொன்றாக மாறும். அந்த மாற்றத்தைத் தீர்மானிக்கிற மூன்று கோணங்களில் இரண்டு தெரிந்திருந்தன, மூன்றாவது சின்னது என்று மட்டும் தெரியும், பூஜ்யமாகக்கூட இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால், தேனி மலைக்குள் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை அடுக்கி, அந்த மூன்றில் எது கனம் எது லேசு என்ற வரிசையைக் கண்டுபிடிக்கலாம் என்ற திட்டத்துக்கு அர்த்தமே இருந்திருக்காது. சீனாவின் தயா பே அணு உலைகளுக்குப் பக்கத்தில் வைத்த கருவிகள் அன்றைக்குச் சொன்ன விடை, கிட்டத்தட்ட 9 டிகிரி. அடுத்த மாதமே தென்கொரியாவும் அதை உறுதிசெய்தது. ஒளியைவிட வேகமாக ஓடிவிட்டதாக முந்தின வருடம் பரபரப்பைக் கிளப்பிய நியூட்ரினோ, ஒரு ஃபைபர் கேபிளைச் சரியாகச் செருகாததால் வந்த வினை என்று தெரிந்ததும் அந்தச் சமயத்தில்தான். அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்த வகுப்பில் யாருக்கும் 9 டிகிரி பெரிதாகப் படவில்லை. நீ மட்டும் மெஸ்ஸில் தட்டை வைத்துவிட்டு, "அப்படின்னா எங்க மலைக்கு வேலை இருக்குடா" என்றாய். எங்க மலை. அந்த வார்த்தையை நம்பித்தான் நான் பிஎச்டிக்கே போனேன்.

ஜூன் 6-ஐச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது. லீவுக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். வெள்ளி சூரியனைக் கடக்கிற நாள், விட்டால் 2117-ல்தான். மொட்டைமாடியில் பைனாகுலரின் ஒரு கண்ணை அட்டையால் மூடி, இன்னொன்றின் வழியாக வெளிச்சத்தை ஒரு வெள்ளைத்தாளில் விழ வைத்தோம். காற்று பிய்த்துக்கொண்டு போனது, மேகம் வேறு. உன் அப்பாதான் தாளின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேகம் விலகியதும் சூரியன் விழுந்தது, அதன் ஓரமாக மிளகளவு கறுப்புப் பொட்டு. அப்பா தாளை ஆட்டிப் பார்த்தார், பொட்டு தாளோடு ஆடவில்லை, தாளில் ஒட்டிய தூசி இல்லை என்று உறுதி பண்ணிக்கொண்டார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்!

பத்தேகால் வரை ஓடும் என்று சொன்னேன். பட்டியில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன, அவிழ்க்கிற நேரம் தாண்டிவிட்டது, ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை. அப்புறம் மேற்கே மலையைக் காட்டி, "அங்க குடையப் போறாங்களாமே தம்பி, நீங்க படிக்கிறதுதானா அது?" என்றார். எனக்குக் கேட்கவா வேண்டும். அடிவாரத்திலிருந்து 2 கிலோமீட்டர் சுரங்கம், உச்சந்தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பாறை, மற்ற துகள்களையெல்லாம் அந்தப் பாறை வடிகட்டிவிடும், நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும், அது எதையும் ஒன்றும் செய்யாது, இப்போதுகூட உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக நொடிக்கு ஆயிரக்கணக்கான கோடி போய்க்கொண்டிருக்கிறது என்று அடுக்கினேன். 1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நம் ஆட்கள் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் நகத்தைத் திருப்பிப் பார்த்தார், மண் ஏறி நடுவில் வெடித்த நகம். ரொம்ப நேரம் பார்த்தார். "அது சரி தம்பி. வெடி வச்சா ஊத்து திசை மாறாதா?"

அதையெல்லாம் இன்ஜினியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், எனக்கு வயது இருபத்திரண்டு, நான் நிலவியல் படித்தவனா? ஆனால் நீ அந்த ஊர்க்காரன். அந்த ஊற்றுத் தண்ணியைக் குடித்து வளர்ந்தவன். நீ வாயைத் திறக்கவே இல்லை. பைனாகுலரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டாய். அன்றைக்கே, "அப்பா கேட்கிறது சரியான கேள்விடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்! மூன்று வருடம் கழித்து, மத்திய அமைச்சரவை 1,500 கோடிக்கு ஒப்புதல் கொடுத்த பிறகு, ஊர்க்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து "இவங்கள மாதிரி ஆளுங்க" என்றாயே, அந்த "இவங்க" யாருடா? உன் தட்டில் சாப்பிட்டவன்.

அதற்குப் பிறகு டீக்கடையில் நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்பு கேட்கிறேன். அதைத் திருப்பி எழுத முடியாது, பெஞ்சில் அப்பா இருந்தார் என்பது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கூட்டத்தில் என்னென்ன பேசினார்கள் என்பதையும் நினைத்துப் பார். நியூட்ரினோ ஆளைக் கொல்லும் என்றார்கள், அணுக்கழிவைக் கொண்டுவந்து புதைக்கப் போகிறார்கள் என்றார்கள். இரண்டும் பொய் என்று அந்தப் பந்தலில் தெரிந்த ஒரே ஆள் நீ. ஊற்றைப் பற்றிக் கேள், காட்டைப் பற்றிக் கேள், மேய்ச்சல் நிலத்தைப் பற்றிக் கேள், நானும் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பேன். பொய்யைப் பொய் என்று சொல்லாமல் விட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. இப்போதும் ஆறவில்லை.

2012 செப்டம்பரில் கூடங்குளம் அணு உலைப் போராட்டத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு "அணு" என்ற சொல்லைக் கேட்டாலே நம் பக்கத்து ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கும் புரிகிறது. அதைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது, 2018-ல் மறுபடி அனுமதி, 2022-ல் புலிகள் வழித்தடத்தைச் சொல்லி அந்த மலையில் வேண்டாம் என்று தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் சொன்னது, எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதில் யார் பக்கம் நியாயம் என்று நான் ஒரு வரி எழுதினாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளம்பி வருவார்கள். நான் உன்னிடம்தான் பேசுகிறேன், அவர்களிடம் இல்லை.

மதுரையில் 85 டன்னில் ஒரு சின்ன மாதிரியை ஓடவிட்டு, வானத்திலிருந்து வருகிற மியூவான் துகள்களை எண்ணிக்கொண்டிருந்தோம். துகள் போன தடத்தைப் பதிகிற கிட்டத்தட்ட 30,000 கண்ணாடிக் கருவிகள் மலைக்குள் போயிருக்க வேண்டியவை. 2025 ஆகஸ்ட் 26 அன்று சீனாவில் ஜூனோ என்ற நியூட்ரினோ ஆய்வகம் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது. 700 மீட்டர் ஆழத்தில் 20,000 டன் திரவம், முறை வேறு, ஆனால் தேடுவது நாம் தேடிய அதே வரிசையை. தலைமை யார் தெரியுமா, 2012-ல் அந்த 9 டிகிரியைச் சொன்ன அதே வாங் யிஃபாங். விடை எங்கிருந்து வந்தாலும் விடைதான், அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் செய்தியை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் போனை எடுத்து வைத்துவிட்டுப் படுத்தேன், அதுதான் வருத்தம்.

அந்த டிசம்பரில் நம் அறைக்கதவின் பின்னால் சாக்பீஸால் எழுதினாயே, வருடத்தின் சாதனைகள் என்று. ஹிக்ஸ், தயா பே, செவ்வாயில் கயிற்றில் இறக்கிய கியூரியாசிட்டி வண்டி, வெள்ளி. உன் கையெழுத்தில் 'ஹி' எப்போதும் கோணலாக இருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத இரண்டைப் பார். ஒன்று, நாம் வெள்ளியைப் பார்த்த அதே ஜூன் மாதக் கடைசியில் டௌட்னாவும் சார்பென்டியரும் வெளியிட்ட, மரபணுவை வெட்டித் திருத்துகிற கிறிஸ்பர் முறை பற்றிய கட்டுரை. 2023-ல் அரிவாள் செல் நோய்க்கு அந்த வழியில் வந்த சிகிச்சைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. இன்னொன்று செப்டம்பரில் வந்தது. டொரான்டோவில் கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஹிண்டனின் மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, நீ கேம் விளையாடக் காசு சேர்த்துக்கொண்டிருந்தாயே, அந்த மாதிரி இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளில் 12 லட்சம் படங்களைக் காட்டி மூளையைப் போலக் கற்கிற ஒரு நரம்பு வலை மென்பொருளைப் பழக்கினார். படத்தில் இருப்பது என்ன என்று சொல்கிற போட்டியில், ஐந்து ஊகங்களிலும் தப்புவது இரண்டாவதாக வந்தவர்களுக்கு 26.2 சதவீதம், இவர்களுக்கு 15.3. நாம் கேள்விப்படக்கூட இல்லை. ஹிண்டனுக்கு 2024-ல் நோபல், அதுவும் இயற்பியலுக்கு. இனிமேல் என் சம்பளம் அந்த 15.3-லிருந்துதான் வரப்போகிறது.

மலைக்குப் பதில் இது என்று நான் சொல்லவில்லை. மலைக்குப் பதில் எனக்கு எதுவும் இல்லை. ஆனால் என் பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும், ஒப்பந்தத்தை வருடா வருடம் நீட்டிப்பார்களா என்று பார்த்துக்கொண்டு இனிமேல் உட்கார்ந்திருக்க முடியாது. நீ ஜெயித்துவிட்டாய் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே, நீயும்தானே பி.எட். முடித்து ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அலைவுப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறாய், நன்றாக எடுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன்.

பெங்களூர் போவதற்கு முன்னால் ஒருநாள் ஊருக்கு வரலாமா? அப்பாவிடம் அந்த ஊற்றுக் கேள்விக்கு ஒழுங்காகப் பேச வேண்டும். இந்த வருடங்களில் பாறை, நிலத்தடி நீர் பற்றியெல்லாம் படித்து வைத்திருக்கிறேன், எதை உறுதியாகச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று இப்போது எனக்குத் தெரியும். அவர் திட்டினால் திட்டட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல், ஆனால் இங்கே பதில் எழுதாதே. பிளாக்கை எடுத்துவிட்டு ஒரு மிஸ்டு கால் கொடு, போதும்.

உன் ரூம்மேட்