தூக்குப்பாலம் நினைவுக் கூடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பாம்பன் பழைய ரயில் பாலத்தின் நினைவாக அமைக்கும் கூடத்தை ஆடி அமாவாசைக்குத் திறப்பதாகச் சொல்லியிருந்தோம். இன்னும் ரூ.1,67,500 குறைகிறது. அதனால் மறுபடியும் உங்கள் வாசலுக்கு வருகிறோம்.

பாம்பனில் பிறந்தவர்களுக்குப் பழைய ரயில் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். 1914 பிப்ரவரி 24-ல் திறந்த பாலம் அது. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயில் இதில் ஏறித்தான் தனுஷ்கோடி போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். பெரிய படகு வந்து நின்றால், நடுவிலிருக்கும் ஷெர்சர் வகைத் தூக்குப்பாலத்தின் இரண்டு பாதியையும் ஆட்கள் கையால் சுற்றியே தூக்கினார்கள். மோட்டார் கிடையாது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி பாசஞ்சரே கடலோடு போனது. கர்டர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள், பெரும்பாலும் அடித்துப்போயின. தூக்குப்பாலம் மட்டும் அசையவில்லை. பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பேற்று, கடலில் கிடந்த கர்டர்களை எடுத்து நிறுத்தி, 46 நாளில் பாலத்தைச் சீர்செய்தார். அந்த 46 நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் பெரியவர்கள் இன்றும் எழுந்திருக்க மாட்டார்கள்.

2022 டிசம்பர் 23-ல் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தது, சந்தோஷம். பழையதைப் பிரித்துவிடுவார்கள் என்கிறார்கள். தூக்குப்பாலத்தையாவது விட்டுவைக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். முடிவு எதுவானாலும், அதற்கு முன்பே படமும் அளவும் எடுத்தாக வேண்டும். பெரியவர்கள் பேச்சையும் பதிந்தாக வேண்டும். போன வருடம் பேசியவர்களில் இருவர் இன்று இல்லை.

செலவு: ஏறி இறங்கும் மாதிரிப் பாலம் ரூ.2,10,000. படம், அளவு, பேச்சுப் பதிவு ரூ.1,35,000. கூரை, மின்சாரம், அலமாரி ரூ.1,35,000. மொத்தம் ரூ.4,80,000. வந்தது ரூ.3,12,500.

தந்தவர்களை மறக்க மாட்டோம். ஐஸ் கம்பெனித் தொழிலாளர்கள் ஒரு நாள் கூலியை அப்படியே கொடுத்தார்கள். கருவாட்டு வியாபாரம் செய்யும் தாய்மார்கள் முடிச்சை அவிழ்த்து நூறு நூறாக எண்ணி வைத்தார்கள். பள்ளிவாசலிலும் மாதா கோயிலிலும் தொழுகை, பூசை முடிந்ததும் துண்டு ஏந்தினார்கள். வளைகுடாவிலிருக்கும் பிள்ளைகள் மாதம் தவறாமல் அனுப்புகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் உண்டியலில் ரூ.1,846 இருந்தது. எல்லோருக்கும் ராமநாதசுவாமி துணையிருப்பார்.

பேர் எழுதிக் கொடுத்துவிட்டு இன்னும் பணம் தராதவர்களும் உண்டு. பட்டியலை நாங்கள் வெளியில் ஒட்டவில்லை. ரயில் பாலத்தில் போகும்போதெல்லாம் கும்பிட்டுக் கடலில் காசு போட்ட கைகள் நம்முடையவை. பாலத்துக்கே கொடுக்க அந்தக் கை தயங்கலாமா?

ஆனி மாதக் கடைசிக்குள் மாதிரிப் பாலம் செய்யும் பட்டறைக்கு முன்பணம் கட்ட வேண்டும். தொகையைப் பொருளாளரிடம் கொடுத்து, கேட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நினைவுக் கூடக் குழுவினர், பாம்பன்