கழியொலித் தொட்டிகளும் மீண்டும் மீண்டும் எரியும் டிரைவர் பலகைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடி, கல்முனைப் பக்கங்களிலும் நகைக்கடைகள், மூக்குக்கண்ணாடிக் கடைகள், பல் வைத்திய நிலையங்கள் ஆகியவற்றில் காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் அழுக்கை அகற்றும், அல்ட்ராசோனிக் எனப்படும் கழியொலிக் கழுவு தொட்டிகள் இன்று புழக்கத்துக்கு வந்துவிட்டன. மோட்டார் சைக்கிள் திருத்துமிடங்களிலும் காபரேட்டர் கழுவுவதற்கு இவற்றை வைத்திருக்கிறார்கள். இவை பழுதானால் பெரும்பாலும் ஒரே வைத்தியந்தான் நடக்கிறது. தொட்டியை இயக்கும் மின்சுற்றுப் பலகையான டிரைவர் பலகையில் எரிந்த டிரான்சிஸ்டர்கள் இரண்டையும் கழற்றி, அதே இலக்கமுடைய புதியவற்றைப் பூட்டி, பியூஸையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். சில கிழமைகளில் அதே தொட்டி அதே பழுதோடு திரும்பி வருகிறது. பழியோ 'சைனா சாமான்' என்ற பெயரில் தயாரித்தவன் தலையில் விழுகிறது. தயாரிப்பில் குறையே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் எரிந்ததை மாற்றுகிறோமேயன்றி, எரித்தது எதுவென்று நாம் தேடுவதில்லை.

தொட்டியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் டிரான்ஸ்டியூசர் என்பது மின்னை அதிர்வாக மாற்றும் பாகம்; மின் கொடுத்தால் அதிரும் பீசோ வில்லைகளை இரு உலோகக் கட்டைகளுக்கு நடுவே வைத்து ஒரு போல்ட்டினால் இறுக்கிய அமைப்பாகும். இந்தப் பீசோ விளைவை, அதாவது சில பளிங்குகளை அழுத்தும்போது மின் பிறப்பதை, 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காகப் பிரான்சின் லாஞ்செவின் உருவாக்கிய அமைப்பின் வழிவந்ததே இன்றைய தொட்டியின் டிரான்ஸ்டியூசர். இயந்திரரீதியில் அது அதிரும் ஒரு பொருள். ஆனால் அதை இயக்கும் சுற்றுக்கோ, அது முதலில் ஒரு கொள்ளளவி, அதாவது மின்னேற்றத்தைச் சேமிக்கும் கபாசிட்டர், என்பதே முக்கியம்.

கணக்கைப் பார்த்தால் விடயம் விளங்கும். 40 கிலோஹேட்ஸ், 60 வாட் வகை டிரான்ஸ்டியூசர் ஒன்றின் கொள்ளளவம் ஏறத்தாழ 4 நனோபரட் ஆகும். எமது 230 வோல்ட் மின்சாரத்தை நேரோட்டமாகச் சீராக்கினால் சுமார் 325 வோல்ட் கிடைக்கும். இந்த மின்னழுத்தத்தை டிரான்சிஸ்டர்களால் சதுர அலையாக வெட்டி நேரே டிரான்ஸ்டியூசருக்குக் கொடுத்தால், அந்தக் கொள்ளளவம் செக்கனுக்கு 40,000 தடவை நிரம்பி வெறுமையாகும். அதற்காக ஒவ்வொரு டிரான்ஸ்டியூசருக்கும் சுமார் 17 வாட் டிரான்சிஸ்டர்களிலேயே வெப்பமாகிப் போகும். நான்கு டிரான்ஸ்டியூசர்கள் உள்ள தொட்டியில் இது 68 வாட்டை எட்டும். ஒரு துளி அழுக்கையும் அகற்றாத வெப்பம் இது. அலையின் செங்குத்தான ஓரங்களில் கண நேரம் பாயும் பேரோட்டம் வேறு.

இதைத் தடுப்பதற்காகவே பலகையில் பெரைட் என்ற காந்தப் பொருளாலான அகணியில் சுற்றிய சுருளொன்று டிரான்ஸ்டியூசருக்குத் தொடராக வைக்கப்படுகிறது. 4 நனோபரட்டின் மறுப்பு, அதாவது ஆடலோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 40 கிலோஹேட்ஸில் ஏறத்தாழ 1,000 ஓம் என்பதால், அதை ஈடுசெய்யும் சுருளின் தூண்டுதிறனுக்கு மேல் எல்லை 4 மில்லிஹென்றி அளவில் வரும். நான்கு டிரான்ஸ்டியூசர்களைச் சமாந்தரமாக இணைத்தால் அது 1 மில்லிஹென்றியாகக் குறையும். நீர் நிரம்பிய தொட்டியில் அளக்கும் தடையைப் பொறுத்து அதனிலும் குறைத்தே சுற்ற வேண்டியிருக்கும். என் மேசைக்கு வந்த ஒரு பலகையில் இந்தச் சுருளையே காணவில்லை. அதன் இரு துளைகளுக்கும் குறுக்கே ஒரு செப்புக் கம்பித் துண்டு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. சுற்றிலும் பலகை கபில நிறமாகக் கருகியிருந்தது. வேறு சிலர் சுருளைப் புதிதாகச் சுற்றுகிறார்கள், ஆனால் அகணியின் இரு பாதிகளுக்கும் இடையில் இருந்த சிறு கடதாசித் துண்டைக் குப்பையென்று எறிந்துவிடுகிறார்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் தூண்டுதிறன் பன்மடங்கு கூடி, அகணியும் விரைவில் இனிமேல் காந்தமேற முடியாத நிரம்பல் நிலையை அடைந்துவிடும்.

மீடிறனும், அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதும், நிலையானதன்று. வில்லைகள் சூடேற, நீர்மட்டம் மாற, டிரான்ஸ்டியூசர் மிகப் பலமாக அதிரும் பரிவு மீடிறன் நகரும். ஆகவே டிரான்ஸ்டியூசருக்குப் பாயும் ஓட்டத்தைச் சிறு மின்மாற்றியால் உணர்ந்து, அதன் அவத்தையை, அதாவது அலை முந்துவதையோ பிந்துவதையோ, பின்தொடர்ந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் சுற்றே நல்ல சுற்று. ஒரே மீடிறனில் பூட்டி வைத்த மலிவான பலகைகள் காலையில் நன்றாக வேலை செய்து, மத்தியானத்தில் பலமிழப்பது இதனால்தான். வாழைச்சேனை ஆழ்கடற் படகுகளில் மீன் தேடும் கருவியிலும் மீடிறன் ஒத்துப்போக வேண்டும். 50 கிலோஹேட்ஸுக்கு அமைத்த கருவியில் 200 கிலோஹேட்ஸ் டிரான்ஸ்டியூசர் தலையைப் பூட்டிவிட்டுத் திரையைக் குறை சொல்லிப் பயனில்லை.

பரிவு மீடிறனை அளப்பதற்கு விலையுயர்ந்த பகுப்பாய்வுக் கருவி தேவையில்லை. விரும்பிய மீடிறனில் அலை தரும் சமிக்ஞைப் பிறப்பாக்கியையும் டிரான்ஸ்டியூசரையும் 100 ஓம் தடையி ஒன்றையும் தொடராக இணைத்து, தடையியின் குறுக்கே அலையைத் திரையில் காட்டும் ஒசிலோஸ்கோப்பை வைத்து, பிறப்பாக்கியின் மீடிறன் குமிழை மிக மெதுவாகத் திருப்பினால், பரிவில் அலை உயர்ந்தெழுவதைக் காணலாம். நீர் இல்லாமல் காற்றில் இந்த உச்சி மிக ஒடுங்கியது, அவசரப்பட்டால் தவறிவிடும். பீசோ வில்லை சூடேறி ஆறும்போது தானாகவே மின்னேற்றம் கொள்ளும் என்பதால், தொடுவதற்கு முன் அதன் முனைகளைக் கம்பியால் இணைத்துக் குறுக்கிட வேண்டும் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆகவே மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரி, அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம், ஒலுவிலில் உள்ள பொறியியல் பீடம் ஆகியவற்றின் ஆசிரியர்கள், இலத்திரனியல் பழுதுபார்ப்போருக்காக வார இறுதியில் ஒரு செய்முறை வகுப்பையாவது நடத்த முன்வர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். டிரான்ஸ்டியூசர்களைத் தனியாக இறக்குமதி செய்து விற்போரும் பரிவு மீடிறனையும் கொள்ளளவத்தையும் பெட்டியிலேயே அச்சிட்டுத் தந்தால், எம் வேலையில் பாதி குறையும். வகுப்புக்கு வேண்டிய பழுதான தொட்டிகளைக் கொடுக்க என்னைப் போன்ற பலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
இலத்திரனியல் பழுதுபார்ப்பவர் ஒருவர்,
மட்டக்களப்பு.