கையெழுத்துக்கு முன் அவையில் வையுங்கள்: தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவருடைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பிரிட்டனோடு போட்ட வணிக ஒப்பந்தத்தில் மருந்துக் காப்புரிமை பற்றி வரும் பகுதியை ஐயா படித்தாரா என்று கேட்டேன். உதவியாளர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "அதெல்லாம் அவைக்கு வராதுங்க. கையெழுத்தாகி முடிஞ்ச விஷயம்." யார் அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. வேறு கட்சிக்காரர் அலுவலகத்துக்குப் போயிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அதுதான் என் புகாரே.

2025 ஜூலை 24 அன்று பிரிட்டனில் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது. மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலை 21 அன்றே தொடங்கிவிட்டது. அதாவது நீங்கள் எல்லோரும் டெல்லியில்தான் இருந்தீர்கள். ஆனாலும் ஒப்பந்தத்தின் முழு வாசகம் கையெழுத்தான பிறகுதான் வெளியே வந்தது. ஸ்காட்ச் விஸ்கிக்கான வரி 150 சதவீதத்திலிருந்து 75 ஆகும், பத்தாண்டில் 40 ஆகும் என்பதை ஊடகங்கள் உடனே சொல்லிவிட்டன. அறிவுசார் சொத்து அத்தியாயத்தில், மருந்து மக்களுக்குக் கிடைக்கச் செய்யச் சிறந்த வழி தன்விருப்ப உரிமம்தான் என்று இரு நாடுகளும் ஒப்புக்கொண்டிருப்பதைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? தன்விருப்பம் என்றால், மருந்தைப் பிறர் தயாரிக்க அனுமதிப்பதும் மறுப்பதும் கம்பெனியின் விருப்பம். நோயாளிக்கு அதில் எந்த விருப்பமும் கிடையாது.

திருப்பூருக்கு இந்த ஒப்பந்தத்தால் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆடைகளுக்கு பிரிட்டன் போட்டு வந்த வரி நீங்கினால் யாருக்குத்தான் கசக்கும்? வணிகமே வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். கேட்பது ஒன்றுதான்: எந்த வணிக ஒப்பந்தமானாலும் கையெழுத்துக்கு முன் அதன் முழு வாசகத்தை அவையில் வைக்கச் சொல்லுங்கள். வைக்காத ஒப்பந்தத்தை நிறைவேற்ற ஒரு சட்டத் திருத்தம் வந்தால் அதற்குக் கை தூக்காதீர்கள்.

நீங்கள் படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2005 சாட்சி. 1994இல் மொராக்கோவின் மாராகேஷில் உலக வணிக அமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததன் கடைசித் தவணையாகத்தான், 2004 டிசம்பர் இறுதியில், நம் கடற்கரை சுனாமியில் கிடந்த நாட்களில், காப்புரிமை அவசரச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் சட்ட முன்வரைவு வந்தபோது, அன்றைய ஆட்சியை வெளியிலிருந்து ஆதரித்த இடதுசாரிகள் அப்படியே விழுங்க மறுத்தார்கள். வரிவரியாகப் பேரம் பேசினார்கள். அதில் பிறந்ததுதான் காப்புரிமைச் சட்டத்தின் இன்றைய 3(டி) பிரிவு: தெரிந்த மருந்தையே வேதி உப்பு மாற்றி, வடிவம் மாற்றி, குணப்படுத்தும் திறன் கூடாமலே கொண்டுவந்தால் காப்புரிமை கிடையாது. காப்புரிமை கொடுக்கும் முன்பே யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்ற உரிமையையும் அவர்கள் மீட்டார்கள்.

அந்த ஒரு பிரிவு என்ன செய்தது என்பது சென்னைக்கு நன்றாகவே தெரியும். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மாத்திரைக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. 3(டி) பிரிவே செல்லாது என்று அந்தக் கம்பெனி போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கம்பெனிக்கு இல்லை என்றது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விலை போட்ட அந்த மருந்து, நம் நாட்டுக் கம்பெனிகள் தயாரித்தபோது பத்தாயிரத்துக்கும் கீழே கிடைத்தது.

என் அக்கா அந்த மாத்திரையில்தான் இருக்கிறார். காலையில் சாப்பிட்டு முடித்து, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு ஒன்று. குமட்டினாலும் விடக் கூடாது. நாள் விட்டுப் போட்டால் நோய் மருந்துக்குப் பழகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்கா ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. ஆனாலும் நோயின் அளவைக் காட்டும் பிசிஆர்-ஏபிஎல் ரத்தப் பரிசோதனையில் கடந்த முறை எண் ஏறியிருந்தது. இன்னொரு முறை ஏறினால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். மாற்று மருந்து புதியது, காப்புரிமையில் இருப்பது. மருந்துக்கடைக்காரர் விலையை வாயால் சொல்லவில்லை, கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். அன்று ராத்திரி அக்கா பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். வீட்டு வாடகை, பையனின் கல்லூரிக் கட்டணம், நகைக்கடன் வட்டி. நான்காவது வரியில் மருந்து என்று எழுதிவிட்டு, எதிரே தொகை எழுதாமல் பேனாவை மூடினார். "இதே மாத்திரையே போதும்னு டாக்டர்கிட்ட நீ சொல்லிப் பாரேன்" என்றார்.

பரிசோதனை எண்ணோடு பேரம் பேச முடியாது என்று அவருக்கும் தெரியும். பேரம் பேசியிருக்க வேண்டிய இடம் வேறு. அந்த இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

சரி, காப்புரிமையில் இருந்தாலும், கம்பெனி சம்மதிக்காமலே வேறொருவர் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2012 மார்ச்சில் கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய் மருந்தான நெக்ஸவாருக்கு அது கொடுக்கப்பட்டது. காப்புரிமை வைத்திருந்த பேயர் கம்பெனி மாதத்துக்கு ஏறக்குறைய 2.8 லட்சம் ரூபாய்க்கு விற்றதை நம் நாட்டு நாட்கோ கம்பெனி சுமார் 8,800 ரூபாய்க்குக் கொடுத்தது. இந்த நாட்டில் இதுவரை கொடுக்கப்பட்ட கட்டாய உரிமம் அது ஒன்றுதான். அதற்கும் உதவியது எது? எவ்வளவு மருந்தை இங்கே விற்றோம் என்று கம்பெனியே ஆண்டுதோறும் தர வேண்டிய படிவம் 27. தேவையில் மிகச் சிறு பங்குக்கே மருந்து வந்தது என்பது அதில்தான் அம்பலமானது.

2024 மார்ச் 10 அன்று சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளின் எஃப்டா கூட்டமைப்போடு ஒப்பந்தம் கையெழுத்தானது. மார்ச் 15 அன்று காப்புரிமைத் திருத்த விதிகள் வெளியாயின. ஐந்தே நாள். படிவம் 27 ஆண்டுக்கு ஒருமுறை என்பது மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆனது. முன்கூட்டியே எதிர்ப்பவர் கட்டணம் கட்ட வேண்டும், எதிர்ப்பு ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் பார்ப்பார் என்றும் ஆனது. வரைவு விதிகள் 2023 ஆகஸ்டிலேயே வந்துவிட்டன, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அரசு தரப்பில் சொல்லலாம். சொல்லட்டும். 2005இல் அவையில் வரிவரியாகப் போராடி வாங்கியதை, அவையில் ஒரு வாக்கெடுப்புகூட இல்லாமல் ஓர் அரசிதழ் அறிவிப்பு தளர்த்திவிட்டதே, அதற்கு என்ன பதில்?

முன்கூட்டியே எதிர்ப்பது வெட்டி வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். காசநோய் மருந்தான பெடாகுவிலினுக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட இரண்டாம் காப்புரிமையை 2023 மார்ச்சில் நம் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. எதிர்ப்பு மனு போட்டவர்கள் காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள், ஒருவர் இந்தியர், ஒருவர் தென்னாப்பிரிக்கர். பழைய மருந்துகளின் பக்கவிளைவில் இருவருமே கேட்கும் திறனை இழந்தவர்கள். காது கேட்காத அவர்கள் குரல் கொடுத்தார்கள். ஒலிபெருக்கியும் மைக்கும் உள்ள அவை அந்த ஒப்பந்தங்களை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

உங்கள் தொண்டையைக் குறை சொல்லவில்லை. அவையின் மையப்பகுதிக்கு இறங்கி முழக்கமிடுகிறீர்கள், வெளிநடப்பு செய்கிறீர்கள், வாசலில் பதாகையோடு படம் எடுத்துக்கொள்கிறீர்கள். கோபம் வர வேண்டிய விஷயத்துக்கு மட்டும் தேதி ஒத்துவருவதில்லை போல. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தை உறுதி செய்யும் முன் 21 அமர்வு நாட்கள் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். அங்குள்ள மக்களவை எதிர்த்துத் தீர்மானம் போட்டால் நிறுத்தி வைக்கவும் முடியும். அதாவது ஒரே ஒப்பந்தத்தைப் பார்க்கும் உரிமை அங்குள்ள எம்.பி.க்குச் சட்டப்படி உண்டு, உங்களுக்கு இல்லை. வெள்ளைக்காரன் போய் இத்தனை வருடம் ஆன பிறகும் இது உங்களுக்கு உறுத்தவில்லை என்றால் நான் என்ன சொல்ல?

மன்னிக்கவும், சற்றுக் கடுமையாகிவிட்டது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அரசமைப்பின் 253ஆவது பிரிவு, ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத்தான் கொடுத்திருக்கிறது. அமைச்சரவை கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் உங்களிடம் திருத்தத்தைக் கொண்டுவந்து "உலக நாடுகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம்" என்று சொல்லும்போது அந்த அதிகாரம் ரப்பர் முத்திரை ஆகிறது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மருந்து விலை ஏறினால் நம் அரசு மருத்துவமனைகளின் கொள்முதலும் சேர்ந்தே ஏறும். ஆகவே இது மாநில உரிமையும்கூட, அந்தச் சொல்லை நீங்கள் மேடைதோறும் பயன்படுத்துவதால் நினைவூட்டுகிறேன்.

ஒப்பந்த வாசகம் கையெழுத்துக்கு முன் அவையில் வைக்கப்பட வேண்டும், வணிகத்துக்கான நிலைக்குழு அதை நோயாளிகள், விவசாயிகள், சிறு உற்பத்தியாளர்கள் முன்னிலையில் பரிசீலிக்க வேண்டும் என்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவாருங்கள். மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறீர்கள். கட்சி பார்க்காமல் கையெழுத்திடலாம். மசோதா தோற்கும் என்பது தெரிந்ததுதான், ஆனாலும் விவாதம் குறிப்பேட்டில் ஏறும். அதுவரை, அவை பார்க்காத ஒப்பந்தத்துக்காக வரும் எந்தக் காப்புரிமைத் திருத்தத்துக்கும் வாக்களிக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவின் அடுத்த பரிசோதனை முடிவு வரும்போது உங்கள் அலுவலகத்துக்கு மறுபடியும் வருவேன். அந்த அத்தியாயத்தை அதற்குள் படித்துவிட்டால், உட்கார்ந்து பேச வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவன்