ஆஸ்டின் காருக்குப் பெரிய பெட்டரி

ஐயா,

எங்கள் வீட்டில் 1934ஆம் ஆண்டு ஆஸ்டின் செவன் ஒன்று நிற்கிறது. தோட்டத்தில் டிரைவராக இருந்த அப்பாவுக்குத் துரை சீமைக்குப் போகும்போது கொடுத்தது. அதற்கு 6 வோல்ட் பெட்டரிதான். போன மாதம் டவுனில் ஒரு கடையில், "பெருசா போட்டா கவலையில்ல அங்கிள்" என்று ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள்.

முன் இருக்கைக்கு அடியில் வைத்தேன். அரை அங்குலம் உயரம் கூட. மனைவி உட்கார்ந்ததும் இருக்கைக் கம்பி இரண்டு முனையிலும் பட்டு, 'சட்' என்று ஒரு பொறி, கருகிய வாடை. அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறுவதில்லை.

இப்போது பிஸ்கட் பெட்டி அட்டையில் அளவு வெட்டி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். அம்பியர் கணக்கெல்லாம் அப்புறம். பழைய டைனமோ தருவது சொற்பம்; தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்குப் போய்வரும் ஓட்டத்தில் பெரிய பெட்டரி நிரம்பாது. அரைகுறையாகக் கிடந்தால் ஈயத் தகட்டில் வெள்ளை படிந்து கெட்டுவிடும்.

கேபிளையும் பாருங்கள். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் 12 வோல்ட்டைப் போல இருமடங்கு மின்சாரம் ஓடவேண்டும். இந்தக் காலத்து மெல்லிய கேபிள் போட்டால் கேபிள் சூடாகும், ஸ்டார்ட்டர் முனகும். நுவரெலியாப் பக்கம் ஜனவரியில் புல்லில் உறைபனி பிடிக்கும் காலைகளில் எண்ணெயும் தடித்திருக்கும், பெட்டரியும் சோர்ந்திருக்கும். ஹேண்டில் போட்டுச் சுற்ற 71 வயதில் தோள் இடம் கொடுக்கவில்லை.

பெரிய பெட்டரியைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. திண்ணையில் கிடக்கிறது, பேரன் ரேடியோவுக்கு மாட்டலாமா என்று கேட்கிறான்.

ஓய்வுபெற்ற தொழிற்சாலை எலக்ட்ரீஷியன்,
தலவாக்கலை.