அப்பா வாசலில் வாசித்த வசனம்

ஆர்ஹுஸ், டென்மார்க்
நவம்பர் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். அம்மா போட்ட கடிதம் கிடைத்தது. முக்கால்வாசி தம்பி சின்னவனைப் பற்றி, மீதி மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றி. போனில் நான் அவனை நீங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய பேச்சை எடுத்தாலே "சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லி அம்மா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி ரொம்ப நாளாகிவிட்டது என்ற உறுத்தலும் இருந்தது.

முதலில் என் சமாசாரம். நன்றாக இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. குளிர்தான் கொஞ்சம் கூடுதல். காலை எட்டு மணிக்கு மேல்தான் விடிகிறது, மாலை நாலு மணிக்கு இருட்டிவிடுகிறது. முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. இங்கே பச்சைக் குழந்தைகளைத் தள்ளுவண்டியோடு வாசலில், அந்தக் குளிரிலேயே தூங்க வைக்கிறார்கள். சுத்தமான காற்று நல்லதாம். அம்மா பார்த்தால் போலீஸைக் கூப்பிடுவார். சாப்பாட்டைக் கேட்காதீர்கள். ரை மாவில் கறுப்பாக ஒரு ரொட்டி, அதன்மேல் வினிகரும் சர்க்கரையும் போட்டு ஊறவைத்த ஹெரிங் மீன். மீனுக்குச் சர்க்கரை! முதுநகர் மீன்காரம்மாவிடம் சொன்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? உங்களைப் போல ரிடையர்டு வாத்தியார். இரவு பத்து மணிக்கு மேல் நான் குழாயைத் திறந்தால் மறுநாள் கதவிடுக்கில் சீட்டு கிடக்கும். இங்கே பிறந்தநாளுக்குக் கொடி வைப்பது வழக்கம். இவர் தன் பூனையின் பிறந்தநாளுக்கும் கொடி வைப்பார். ஆனால் எனக்கு ஜுரம் வந்தபோது சூப்போடு மாடியேறி வந்தவரும் அவர்தான்.

அவரோடு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். பெரிய கோயில், விரல்விட்டு எண்ணும் கூட்டம். போதகர் ஐயர் கறுப்பு அங்கி போட்டு, கழுத்தில் பெரிய அச்சு முறுக்கை மாட்டியதுபோல வெள்ளையாக மடிப்பு மடிப்பாக ஒன்று கட்டியிருப்பார். முதல் நாள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நம்ம ஆற்காடு லுத்தரன் சபையை நட்ட மிஷனெரிகள் இந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று பாட்டியிடம் சொன்னேன். டேனிஷ் மிஷன் சங்கம் 1821ல் தொடங்கியது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, கடலூரைத்தான் தெரியவில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்தில் தொடங்கி தேவனாம்பட்டினம் வரை படம் போட்டுக் காட்டினேன்.

அந்தப் பாட்டி சொன்ன ஒரு கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா 1861ல் தொடங்கிய இன்னர் மிஷன் என்ற எழுப்புதல் கூட்டத்தைச் சேர்ந்தவர். சீட்டாட்டம், நடனம், எல்லாம் பாவம். அம்மா வீட்டார் கிருண்ட்விக் என்ற போதகரின் வழி. பாட்டும் கதையும் நடனமும் உண்டு. ஊரில் இரண்டு தரப்புக்கும் தனித்தனிக் கூட்ட வீடு, ஆனால் இருவருக்கும் ஒரே கோயில், ஒரே திருவிருந்து. முறைத்துக்கொண்டேதான் வருவார்களாம். ஆனாலும் வருவார்களாம்.

இந்த கிருண்ட்விக் சாமானிய ஆள் இல்லை. ஏறத்தாழ 1500 ஞானப்பாட்டு எழுதியவர். 1825ல் கிளாவ்சன் என்ற இளம் இறையியல் பேராசிரியர் ஒரு புத்தகம் போட்டார். சபையின் அஸ்திபாரத்தையே படித்தவர்களின் வியாக்கியானத்தில் வைத்துவிட்டார் என்று கிருண்ட்விக்குக் கோபம். ஞானஸ்நானத்தில் அறிக்கையிடுகிற விசுவாசப்பிரமாணத்தில்தான் சபை நிற்கிறது என்று பதில் எழுதினார். அதோடு விட்டாரா? நீ கள்ளப்போதகன், மன்னிப்புக் கேள், இல்லையென்றால் வேலையை விடு என்றும் எழுதினார். பேராசிரியர் அவதூறு வழக்குப் போட்டார், ஜெயித்தார். அதற்குப் பிறகு கிருண்ட்விக் எதை அச்சிட்டாலும் தணிக்கைக்குப் போக வேண்டும் என்று ஆனது. 1837 வரை அப்படித்தான். "கோர்ட்டில் விசாரித்தது வசவைத்தான், விசுவாசப்பிரமாணத்தை யாருமே விசாரிக்கவில்லை" என்றார் பாட்டி, சர்க்கரை மீனை மென்றுகொண்டே.

சரி, சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா எழுதியதை ஒன்றுக்கு இரண்டுமுறை படித்தேன். நெல்லிக்குப்பம் ரோட்டு ஜெபவீட்டுக்குப் போகிறான். அவனும் மனைவியும் நகையைக் கழற்றிவிட்டார்கள், வெள்ளை உடுத்துகிறார்கள், கைதட்டிப் பாடுகிறார்கள். ஆற்றில் மறுபடி ஞானஸ்நானம் எடுத்தான். சீட்டுப் பணத்தை விதை காணிக்கை என்று கொடுத்துவிட்டான், நூறத்தனையாகத் திரும்பி வருமாம். மாத்திரை போடுவது அவிசுவாசம் என்று அங்கே சொன்னதைக் கேட்டு ஆடியிலிருந்து சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டான். ஆயா நினைவு ஜெபத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவனை நீங்கள் வாசலில் நிறுத்தி, இந்த உபதேசத்தைக் கொண்டுவராதவனை வீட்டிலே ஏற்றுக்கொள்ளாதிருங்கள் என்கிற இரண்டாம் யோவான் பத்தாம் வசனத்தை வாசித்துத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

அப்பா, இதில் எல்லாம் ஒரே எடை இல்லை. கைதட்டலையும் வெள்ளைச் சேலையையும் விட்டுவிடுங்கள். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்து நம் ஓடெல்லாம் பறந்தபோது தார்ப்பாயோடு முதலில் வந்தது கைதட்டுகிற பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள்தான். அன்று நீங்களே காபி போட்டுக் கொடுத்தீர்கள். மறு ஞானஸ்நானம் எனக்கும் ஒப்பவில்லை. நீங்கள் தூக்கிக்கொண்டு போய் ஐயர் கையில் கொடுத்த பிள்ளை அவன். அந்த வலி எனக்குத் தெரிகிறது. அதைப் பற்றி அவனோடு பத்து வருஷம் வாதாடலாம், காலம் இருக்கிறது. மாத்திரைக்குக் காலம் இல்லை. நான் நர்ஸாக இருந்து பார்த்திருக்கிறேன். வலி தெரியாமல் கால் போகும், கண்ணும் சிறுநீரகமும் போகும். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லை. பிசகு என்று பச்சையாகச் சொல்லத்தான் வேண்டும். பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று எழுதினார், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டு வந்தார், பிரியமான வைத்தியன் என்று லூக்காவைச் சொன்னார். இவர்களுக்கு எல்லாம் விசுவாசம் குறைவா என்று அவனைக் கேட்க வேண்டும். ஆனால் யார் கேட்பது? வாசலுக்கு வெளியே நிற்பவனிடம் எப்படிக் கேட்பது?

நீங்கள் வாசலில் வாசித்த அந்த வசனத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று வசனம் மேலே போனால் யாரைப் பற்றிப் பேசுகிறது என்று இருக்கிறது: இயேசு கிறிஸ்து மாம்சத்தில் வந்ததை மறுதலித்து, அதை ஊர் ஊராகப் போதித்துக்கொண்டு திரிந்தவர்கள். அவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் அந்தப் போதனைக்கே இடம் கொடுத்ததாகும். சின்னவன் எதையும் மறுதலிக்கவில்லை, யாருக்கும் போதிக்கவில்லை. ஏமாற்றுகிறவன் வேறு, ஏமாந்தவன் வேறு. அந்த ஜெபவீட்டு ஐயா நம் ஹாலில் கூட்டம் நடத்த வேண்டும் என்று கேட்டால் கதவைச் சாத்துங்கள், நானும் இங்கிருந்தே சாத்துகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அவன் பிடித்துக்கொண்டிருக்கிற வசனம் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் யோவான் இரண்டாம் வசனம்: "உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்." காயுவுக்கு எழுதிய கடிதத்தின் தலைப்பில் நலம் விசாரிக்கிற வரி. நான் "எல்லாரும் சௌக்கியமாக இருக்க ஜெபிக்கிறேன்" என்று எழுதினால், அதைக் காட்டி நீங்கள் பாங்கில் பணம் கேட்பீர்களா? அதே கடிதத்தில் இன்னும் கொஞ்சம் கீழே தியோத்திரேப்பு வருகிறான். சகோதரரை ஏற்றுக்கொள்ளாதவன், ஏற்றுக்கொள்ள மனதாயிருந்தவர்களையும் சபைக்குப் புறம்பே தள்ளினவன். அதை நீங்களும் ஒருதரம் வாசிக்க வேண்டும். கோபப்படாதீர்கள்.

பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தாரே என்று சொல்வீர்கள். எதிர்த்தார்தான். எதற்கு? புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகிப்போனதற்கு. அவ்வளவு பெரிய சண்டை, பந்தியை விட்டு எழுந்ததற்கு வந்த சண்டை. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அப்பொல்லோவைத் திருத்தியது வேறு மாதிரி. ஜெபஆலயத்தில் பேசியதைக் கேட்டுவிட்டுத் தனியே கூட்டிக்கொண்டு போய் விவரமாகச் சொன்னார்கள். இரண்டு வழியிலும் ஆள் எதிரே இருக்கிறான். எபேசு சபை கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துக் கண்டுபிடித்தது, அதற்கு ஆண்டவரிடம் மெச்சுதலும் கிடைத்தது. உடனே, "ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்று குறையும் கிடைத்தது. நீங்கள் கண்டுபிடித்ததில் தப்பே இல்லை அப்பா. நீங்கள் சொன்னதெல்லாம் சரிதான், அவன் காதில்தான் விழவில்லை.

பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற எட்டாம் கற்பனைக்கு லுத்தர் எழுதிய அர்த்தத்தை எங்கள் இருவரையும் திண்ணையில் உட்காரவைத்து மனப்பாடம் பண்ண வைத்தீர்களே. பிறனுக்காகப் பரிந்து பேசி, அவன் செய்வதை எல்லாம் நல்லவிதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. அவனுக்கு அது வரவே வராது. பிரம்பை எடுப்பீர்கள், நான் பின்னால் நின்று வாயசைப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வெந்து நாட்கள் தொடங்கப் போகின்றன. அம்மா அச்சு முறுக்குக்கு மாவு கரைத்திருப்பார். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வருகிற கீத பவனி நம் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது இந்த வருஷம்? இங்கே வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் ஒரு சத்தமும் இருக்காது, அதனால்தான் பத்து மணிக்கு மேல் குழாயைத் திறந்து விடுகிறேன் போலிருக்கிறது. எனக்கு அந்த வீட்டுக்குள் வர ஆசையாக இருக்கிறது அப்பா, வர முடியவில்லை. அவன் நெல்லிக்குப்பம் ரோட்டில் இருந்துகொண்டு வர முடியாமல் இருக்கிறான்.

சரி, அது போகட்டும். வேலையைப் பேசுவோம். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு அவனையும் மனைவியையும் நீங்களே கூப்பிடுங்கள். அம்மாவை விட்டுக் கூப்பிட வேண்டாம், நீங்கள். சாப்பிடும்போது சீட்டுப் பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். அத்தையும் எடுக்கக்கூடாது, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்புறம் மாமாவை வைத்துக்கொண்டு தனியாக மாத்திரையைப் பேசுங்கள். மூன்று மாத சராசரி காட்டும் சுகர் டெஸ்ட் ஒன்று இருக்கிறது, அதை எடுக்கச் சொல்லி ரிசல்ட்டை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவன் மனைவிக்குப் பயம் இருக்கிறது, அம்மா எழுதியதை வைத்தே தெரிகிறது. அவளிடம் நான் பேசுகிறேன்.

தண்ணீர்த் தொட்டிக்கு மறுபடி சிமெண்ட் பூச வேண்டாம், சின்டெக்ஸ் வாங்கிவிடுங்கள். இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். வருஷக் கடைசியில் ஹீட்டர் கணக்குப் பார்ப்பார்கள், அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. நர்ஸாகப் பதிவு செய்ய மொழித் தேர்வு இன்னும் பாக்கி இருக்கிறது, அது முடிந்தால் சரியாகிவிடும். ஜனவரியில் சேர்த்து அனுப்புகிறேன். அம்மா முட்டிக்குத் தைலம் மட்டும் போதாது, ஜிப்மரில் காட்டுங்கள். பாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பெரிய பாப்பா

பி.கு: சின்னவனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இதே கவரில் வைத்திருக்கிறேன். அவனுக்கு இவ்வளவு மரியாதையாக எழுதவில்லை. தபாலில் போடாதீர்கள், அம்மாவிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒட்டித்தான் வைத்திருக்கிறேன், பிரித்துப் படிக்க வேண்டாம்.