‘பவளக்கொடி’க்கு முன் ஒரு நாள் கேமரா ஒத்திகை தாருங்கள்

எங்கள் நாடகத்தைப் புதுச்சேரியில் நேரலையாக ஒளிபரப்பிய தொலைக்காட்சி நிலையத்தின் நிகழ்ச்சிப் பிரிவினருக்கு, வணக்கம்.

நான் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்த குழுவின் ஆர்மோனியக்காரன். போன மாதம் ‘வள்ளி திருமணம்’ நடந்த அன்று என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். கடலூர் முழுக்க வாட்ஸப்பில் சுற்றுகிறது. இப்போது ‘பவளக்கொடி’ கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்கிறோம். அதற்கு முன் கேமரா வைத்து, விளக்குப் போட்டு, முழு வேஷத்தில் ஒரு நாள் ஒத்திகை வேண்டும்.

போன தடவை இதைக் கேட்டபோது உங்கள் தயாரிப்பாளர் சிரித்தார். “ஸ்பெஷல் நாடகக்காரங்களுக்கு எதுக்கு சார் ஒத்திகை?” என்றார். உண்மைதான். ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒரு ராத்திரிக்கென்று பல ஊர் நடிகர்கள் வந்து கூடுவது. நாயகனான ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் ஒரு ஊர். மேடையில்தான் முகம் பார்ப்போம். பாடம் எல்லாருக்கும் ஒன்று என்பதால் எங்கும் இடிக்காது. ஆனால் கேமராவுக்கு அந்தப் பாடம் தெரியாதே! ஒத்திகை எங்களுக்கு இல்லை ஐயா, உங்கள் கேமராக்காரத் தம்பிகளுக்கு.

‘வள்ளி திருமண’த்தில், வள்ளியைத் தேடி வேடனாக வந்த முருகன் விருத்தனாக, அதாவது கிழவராக, வேஷம் மாறுகிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் முருகன் உள்ளே போனதும் என் வேலை தொடங்கும். வேடன் உடுப்பைக் கழற்றி, தாடி ஒட்டி, பசை காய்கிற வரைக்கும் நான் இழுப்பேன், மிருதங்கம் இழுக்கும், வள்ளி இன்னும் ஓர் அடி பாடுவாள். படுதாவுக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்கும். அதுதான் எனக்குச் சைகை.

உங்கள் ஸ்டுடியோவில் அந்த இடத்துக்கு 40 நொடி என்பதை அன்று மாலைதான் சொன்னீர்கள். கேமராவுக்கு அடியில் ஒரு தம்பி உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். கடைசி விரல் மடங்கியதும் நிறுத்திவிட்டேன். இருமல் கேட்கவில்லை. எங்கள் ராஜபார்ட் பாதித் தாடியோடு வந்தார். மீதியை இடக்கையால் பிடித்துக்கொண்டே தேனும் தினைமாவும் கேட்டார். விக்கல் வருகிற இடத்தில் கை நழுவியது. அந்த நேரம் பார்த்து உங்கள் கேமரா கிட்டே போனது. அவருக்கு 62 வயது. 40 வருஷமாக அதே வேஷம். மறுநாள் கடலூர் முதுநகர் டீக்கடையில் பையன்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு விக்கிக் காட்டினார்களாம். இரண்டு வாரம் மனிதர் வெளியே தலைகாட்டவில்லை. ‘நீ இன்னும் ஓர் அடி இழுத்திருக்கலாமே’ என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

‘அந்தக் காலத்து நேரலை நாடகம் போல, வெட்டு ஒட்டு இல்லாமல்’ என்று விளம்பரம் செய்தீர்கள். அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? 1928 செப்டம்பரில் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில் ஓரங்க நாடகம் ஒன்றை ஒளிபரப்பினார்கள். அன்றைய கேமராவில் முகமோ கையோதான் அடங்கும். அதனால் முகத்துக்கு இரண்டு பேர், கைக்கு வேறு இரண்டு பேர் என்று நடிக்க வைத்தார்கள். 1930 ஜூலையில் லண்டனில் வெறும் 30 வரிக் கோடுகளால் ஆன மங்கலான படத்தில் நாடகம் போட்டபோது, ஒருவர் விலகி அடுத்தவர் வருவதற்குக் கேமரா முன்னால் ஒரு பலகையைத் தள்ளி மறைத்தார்கள். நம் படுதாவேதான்! கேமரா எவ்வளவு தாங்கும் என்று பார்த்து நாடகத்தை மாற்றினார்கள். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து, விடிய விடிய நடக்கிற நாடகத்தை 45 நிமிஷத்துக்கு நறுக்கினீர்கள்.

சீரியலில் மாமியார் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பதை மூன்று பக்கமிருந்து இடிச்சத்தத்தோடு காட்ட நேரம் இருக்கிறது. ‘வள்ளி திருமணம்’ எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் கண்மூடிய ஊர் உங்கள் புதுச்சேரி. அங்கே கருவடிக்குப்பத்தில்தான் அவர் சமாதி. அந்த ஊரிலேயே அவர் பாட்டுக்கு 40 நொடி! ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பியதையும், இன்னும் வராத பஸ் காசையும் நான் பேச ஆரம்பித்தால்… சரி, கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன். மன்னிக்க வேண்டும்.

‘பவளக்கொடி’க்கு முன் ஒரே ஒரு நாள், கேமராவோடு ஒத்திகை. தயவுசெய்து தாருங்கள். அன்றைக்கு அந்த விரல் மடக்குகிற தம்பியை என் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இருமல் எந்த இடத்தில் வரும் என்று அவரும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

பணிவுடன்,
ஆர்மோனியக்காரன்,
திருப்பாதிரிப்புலியூர்