உன் கையில் கியூ இருக்கக் கூடாது

அன்புள்ள தங்கைக்கு,

கியூ என்ற கோலால் பந்தை அடித்து மேசை ஓரப் பாக்கெட்டில் விழவைக்கும் பூல் ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கப் போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போ. ஆனால் "இன்னும் ஒரு வருஷம் என் ஆட்டத்தைத் தேற்றிக்கொண்டு வருகிறேன்" என்று எழுதியிருந்தாயே, அது வேண்டாத வேலை. உன் ஆட்டம் இப்போதே போதும். நீ பழக வேண்டியது அடுத்தவர் ஆட்டத்தைப் பார்க்க.

எங்கே படிப்பது என்பதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பூல் என்றால் புரொஃபஷனல் பில்லியர்ட் இன்ஸ்ட்ரக்டர்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக பி.பி.ஐ.ஏ. பில்லியர்ட் காங்கிரஸ் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பு 1948இல் தொடங்கியது, அதன் பயிற்சியாளர் திட்டத்தின் வழிவந்தது இது. ரெகக்னைஸ்டு, சர்ட்டிஃபைடு, அட்வான்ஸ்டு, மாஸ்டர் என்று படிப்படியாக ஏறலாம். ஸ்னூக்கரும் இங்கிலிஷ் பில்லியர்ட்ஸும் என்றால் உலகத் தொழில்முறை பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் சங்கமான டபிள்யூ.பி.பி.எஸ்.ஏ. நடத்தும் பயிற்சிகள் இருக்கின்றன. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. 57.15 மி.மீ. பந்தை ஒன்பதடி டேபிளில் ஆடுவதும், 52.5 மி.மீ. பந்தைப் பன்னிரண்டடி டேபிளில் ஆடுவதும் வேறு வேறு உடம்பைக் கேட்கும். நீ பூல் ஆட்டக்காரி, பூலிலேயே தொடங்கு. கட்டணமும் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும், அவர்களிடமே கேட்டுக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் நேரான ஷாட்டை அடிக்கிறார். பந்து பாக்கெட்டின் இடது முனையில் பட்டுத் திரும்புகிறது. நன்றாக ஆடுகிறவர்கள் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள்? "கொஞ்சம் வலது பக்கம் குறி வை." அடுத்த பந்து உள்ளே போகவும் கூடும். ஆனால் ஒரு தவற்றின் மேல் இன்னொரு தவற்றை ஏற்றிவைத்தாயிற்று, இனி அதைப் பிரித்தெடுக்க மாதக்கணக்கில் ஆகும்.

நீ பாக்கெட்டைப் பார்க்காதே, கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்தைப் பார். அந்த ஷாட்டையே ஸ்டன்னாக, அதாவது மோதும் நொடியில் வெள்ளை முன்னும் பின்னும் உருளாமல் வழுக்கி வரும்படி, அடிக்கச் சொல். மோதிய பிறகு வெள்ளை பம்பரமாகச் சுற்றினால் கியூவின் நுனியான டிப் நடுவில் படவில்லை. வேண்டாத சைடு, அதாவது பக்கச் சுழற்சி, விழுந்திருக்கிறது. சுழற்சியே இல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்தால், டிப் நடுவில்தான் பட்டிருக்கிறது, போன கோடுதான் தவறு. கண்ணுக்குத் தெரியவில்லையா, வெள்ளைக்குப் பதில் பட்டை போட்ட பந்து ஒன்றைப் பட்டை செங்குத்தாக நிற்கும்படி வைத்து அடிக்கச் சொல். சைடு விழுந்தால் பட்டை தள்ளாடும், மாணவரே பார்த்துவிடுவார்.

கோடு தவறு என்றால் அதிலும் இரண்டு வகை. அடிப்பதற்கு முன் அப்படியே அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்று பார். கியூ அப்போதே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் தவறு நிற்கும் விதத்தில், அல்லது கண்ணில். சரியாகப் பார்த்துக்கொண்டிருந்தது அடிக்கும்போது விலகினால் தவறு கையில். இந்தக் கிளைகளைப் பிரிக்கத் தெரிந்தவரைத்தான் நான் பயிற்சியாளர் என்பேன்.

கண் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கியூ மோவாயின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று வேதம்போல் ஓதுகிறவர்கள் உண்டு. 1927 முதல் 1946 வரை 15 முறை உலக ஸ்னூக்கர் பட்டம் வென்ற ஜோ டேவிஸுக்கு வலக்கண் பார்வை மிகக் குறைவு. அவர் இடக்கண்ணால்தான் குறி பார்த்தார். அவரை நடுவுக்கு இழுத்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! மாணவருக்குக் கோடு எங்கிருந்து நேராகத் தெரிகிறது என்று கேள். மோவாய் தன் இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கற்பிக்கத் தொடங்கியதும் நீயே நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்கள் ஆட்டம் காணும். "ஃபாலோ த்ரூவில் பந்தைத் தள்ளிக்கொண்டே போ" என்று, அடித்த பிறகும் கியூவை முன்னே ஓடவிடுவதைப் பற்றி நீயும் சொல்வாய். டிப்பும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு கியூ எங்கே போனாலும் பந்துக்கு அது தெரியாது. ஆனாலும் ஃபாலோ த்ரூ வேண்டும், ஏனென்றால் பந்தைத் தொட்டதும் கியூவை நிறுத்திவிட நினைக்கிறவர் தொடுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறார். கற்பிப்பது அதேதான், காரணம் மட்டும் வேறு. பொய்யான காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால், கேள்வி கேட்கிற ஒரு மாணவரிடம் நீ மாட்டிக்கொள்வாய். அப்படி ஒருவர் கட்டாயம் வருவார்.

அவருக்காகக் கொஞ்சம் இயற்பியலும் படித்து வை. 1835இலேயே கோரியோலிஸ் பில்லியர்ட்ஸ் பற்றி ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். ஆமாம், புயல் சுழலும் திசையைப் பற்றிப் பேசும்போது பெயர் அடிபடுமே, அதே பிரெஞ்சுக்காரர்தான். பந்தின் மையத்திலிருந்து ஆரத்தில் பாதி தூரம் தள்ளி அடித்தால்தான் அதிகபட்ச சைடு என்று காட்டியவர் அவர். அதைத் தாண்டினால் டிப் வழுக்கிவிடும் என்பதை நம் கை தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் கோணத்தையெல்லாம் எண்ணாகச் சொல்லாதே. ஸ்டன்னில் இரண்டு பந்தும் 90 டிகிரியில் பிரியும் என்பதை யாரும் பிடித்துக்கொள்வார்கள். உருண்டு வரும் வெள்ளை, இன்னொரு பந்தின் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை எங்கே பட்டாலும் தன் பாதையிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி விலகும் என்றால் முகம் சுருங்கும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நன்றாக விரித்து டேபிள் மேல் வைத்துக் காட்டு. ஒரு விரல் வெள்ளை வந்த திசையில், மற்றது அது போகப்போகும் திசையில். பிறகு அவர்களே தங்கள் விரலை வைத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், உன் வேலை முடிந்தது.

ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு திருத்தம். ஐந்து தவறு கண்ணில் படும், நான்கை நோட்டில் எழுதிக்கொண்டு வாயை மூடிக்கொள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், அதுவும் உன்னைப்போல் வாய் துறுதுறுப்பவர்களுக்கு. பிடியை மாற்றினால் இரண்டு மூன்று வாரம் ஆட்டம் கெடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடு. சொல்லாவிட்டால் மாணவர் உன்னையும் விட்டுவிடுவார், புதுப் பிடியையும் விட்டுவிடுவார். யாருடைய முழங்கையைத் தொட்டுத் திருத்துவதானாலும் முதலில் கேட்டுவிட்டுத் தொடு. பெரும்பாலும் தொடவே வேண்டியிருக்காது, ஃபோனில் ஸ்லோ மோஷன் எடுத்துக் காட்டினால் போதும்.

வருமானத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். கையில் இருக்கும் வேலையை விட்டுவிடாதே, அவ்வளவுதான். உன் சொந்த ஆட்டமும் கொஞ்ச நாள் தடுமாறும். நாளெல்லாம் மற்றவர்களின் முழங்கையைப் பார்த்தால் உன் முழங்கை உனக்கு நினைவு வரத் தொடங்கும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய். கியூவையே தொட்டிராத ஒருவரைக் கூட்டி வா. அரை மணி நேரத்தில், ஓரடி இடைவெளியில் வெள்ளை அசையாமல் நிற்கும் ஸ்டன் ஷாட் ஒன்றை அவருக்குக் கற்றுக்கொடு. அந்த அரை மணி நேரமும் உன் கையில் கியூ இருக்கக் கூடாது, "இப்படி" என்று நீ அடித்துக் காட்டக் கூடாது. முழுவதையும் வீடியோ எடுத்து அனுப்பு. டேபிள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நீ பேசுவது தெளிவாகக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்